தம்பியின் மனையில் ஒரு மொட்டை மரம்

1

கைபேசித் திரையில் என் தம்பி முரளி தன் கட்டை விரலை நீட்டிக் காட்டினான். நுனியில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. அடிபட்டுவிட்டதா என்று பதறிக் கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் ஆவல அக்கா. மரத்துக்கு."

ஆந்திராவில், பாகாலா ஊருக்கு வெளியே, ரயில் பாதையைத் தாண்டி, எங்கள் நைனா, அதாவது அப்பா, வாங்கிப்போட்ட மனை ஒன்று இருக்கிறது. நைனா ரயில்வேயில் வேலை பார்த்தவர். அங்கே வீடு கட்டக் கனவு கண்டு, கட்டாமலேயே போய்ச் சேர்ந்தார். முரளி சித்தூரில் மாம்பழக் கூழ் ஆலையொன்றில் மேற்பார்வையாளன். இத்தனை வருட வாடகை வீட்டு வாழ்க்கைக்குப் பிறகு, இந்தப் பிப்ரவரியில் அந்த மனையில் கடைக்கால் தோண்ட மேஸ்திரியை அழைத்துப்போனான். மனையின் கிழக்கு ஓரத்தில் ஒரு பெரிய மரம் நிற்கிறது. மேஸ்திரி நூல் பிடிப்பதற்காக அதில் ஆணி அடித்தார். மாற்றி அடிக்க அதைப் பிடுங்கியபோது, துளையிலிருந்து இரத்தம் போலச் சிவப்புச் சாறு கசிந்து வழிந்தது. மேஸ்திரி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதி எர்ர சந்தனம் சார்" என்று தெலுங்கில் தாழ்ந்த குரலில் சொல்லி, நூலைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எர்ர சந்தனம் என்றால் செம்மரம். திருப்பதி மலைகளையும் அவற்றைச் சுற்றியுள்ள குன்றுகளையும் விட்டால், உலகில் வேறெங்கும் அது காடாக வளர்வது அரிது. வெளியூர்க்காரர்களுக்கு அது விலைமதிப்புள்ள மரம். எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கோ கடத்தல் வழக்கு, விசாரணை, போலீஸ் வேலூர் பஸ்ஸை நிறுத்திப் பைகளைத் திறந்து பார்த்த கதை. அந்தப் பெயரைத் தேநீர்க் கடையில் யாரும் உரக்கச் சொல்வதில்லை.

"ஞாயித்துக்கிழமை மெஷின்காரனை வரச் சொல்லிகீறேன்" என்றான் முரளி. "அறுத்து, வெறகாக்கி, அன்னிக்கே கொளுத்திட்றேன். மரமே இல்லன்னா அப்புறம் யாரு இன்னா கேக்கப் போறாங்க?"

கடத்தியதை ஒளிப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். தன் சொந்த மனையில் தானாக வளர்ந்து நிற்கும் மரத்தைக் கண்டு நடுங்கி, அந்த நடுக்கத்தினாலேயே அதை வெட்டிக் குற்றவாளியாகும் தவறு, எங்கள் சித்தூர்க்காரர்களுக்கு மட்டுமே வாய்க்கும் என்று நினைக்கிறேன். அது உண்மையில் செம்மரமாக இருந்தால், நிற்பதில் ஆபத்தில்லை. அனுமதியில்லாமல் வெட்டுவதுதான் ஆபத்து. இதைச் சொன்னேன்.

"உனக்கு அங்க உக்காந்துகினு சொல்றது ஈஸி" என்றான். அழைப்பு முடிந்தது.

2

நாங்கள் தென் ஜெர்மனியின் இந்தச் சிறு நகரத்துக்கு வந்து, இந்த மார்ச்சோடு பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. நான் நகர நூலகத்தில் புத்தகங்களை அடுக்குகிறேன், தொலைந்தவற்றைத் தேடுகிறேன், முதியவர்களுக்குக் கணினியில் படிவம் நிரப்ப உதவுகிறேன். கணவர் மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கிறார். ஒரே மகள் பவித்ராவுக்கு வயது பதினாறு.

முதல் குளிர்காலத்தில் ஒரு மொழி வகுப்புக்குப் போனேன். உங்கள் தெருவைப் பற்றி நான்கு வாக்கியங்கள் பேசுங்கள் என்றார் ஆசிரியை. தெருவில் அஞ்சல் பெட்டி இருக்கிறது, ரொட்டிக் கடை இருக்கிறது, மரங்கள் இருக்கின்றன என்று மூன்றைச் சொல்லிவிட்டு, நான்காவதாக, "மரங்கள் எல்லாம் காலமாகிவிட்டன" என்றேன். மனிதர்களுக்கு மட்டும் உரிய சொல் அது என்று எனக்குத் தெரியாது. வகுப்பு சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. வெளியே போய் ஒரு சுள்ளியை ஒடித்து வந்து, தண்ணீர்க் குவளையில் நிறுத்தி, ஜன்னலோரம் வைத்தார். சில வாரங்களில் அதில் சுருக்கம் விழுந்த பச்சை இலைகள் வெளியே வந்தன. சொல்லைத் திருத்திக்கொண்டேன், கருத்தையும்தான்.

நம் ஊரிலும் மரங்கள் இலை உதிர்க்கின்றன. ஆனால் அங்கே இலையுதிர்வு தாகத்தின் அடையாளம். வெயில் ஏறத் தொடங்கும்போது மலையடிவாரத்துத் தேக்குகள் வெறுங்கிளையாக நிற்பதைத் திருப்பதி ரயிலில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். கூடவே எங்காவது ஒரு புளியோ வேம்போ பச்சையாக இருந்து தைரியம் சொல்லும். இங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை தைரியம் சொல்ல எதுவும் இல்லை. நானாகத்தான் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. நூலகத்தில், குளிர்காலத்தில் மரங்களை அடையாளம் காண்பதற்கான ஒரு பழைய கையேடு இருந்தது. யாரும் இரவல் வாங்காத புத்தகம். நான் வாங்கினேன்.

இலையில்லாத மரத்துக்கு முகம் இல்லையென்று நினைத்திருந்தேன். அப்போதுதான் அதற்கு முகம் தெரிகிறது. தூரத்தில் நிற்கும்போது உருவம்: பாப்லர் நிமிர்த்தி வைத்த துடைப்பம் போலிருக்கும், ஓக் மரத்தின் கிளைகள் முழங்கையை மடித்து மடித்து நீட்டியது போலக் கோணலாகப் போகும். கிட்டே போனால் பட்டை: பீச் மரத்தின் தண்டு, கோயில் யானையின் கால் போலச் சாம்பல் நிறத்தில் வழுவழுப்பாக இருக்கும், பிர்ச் வெள்ளைக் காகிதமாக உரியும். இன்னும் கிட்டே, கண்ணுக்கு நேரே கிளையைப் பிடித்து வைத்தால் மொட்டு. பீச்சுக்கு ஈட்டிமுனை மொட்டு. குதிரைச் செஸ்ட்நட்டுக்கு விரலில் ஒட்டும் பிசின் மொட்டு. ஆஷ் மரத்துக்குக் கரித்துண்டு போன்ற கறுப்பு மொட்டுகள், எதிரெதிராக. அடுத்த கோடையின் இலை முழுவதும், முந்திய கோடையிலேயே மடித்து உள்ளே வைக்கப்பட்டுவிடுகிறது என்று படித்தபோது, அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அன்று பவித்ரா என் வயிற்றில் ஐந்து மாதம்.

3

அவள் நடக்கத் தொடங்கியதும், தெருவில் போகும்போது மொட்டு பார்ப்பது எங்கள் விளையாட்டாயிற்று. தொட்டுப் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். ஏழு வயதில் என்னைத் தோற்கடித்தாள். பன்னிரண்டு வயதில் கண்ணை மூடிக்கொண்டு பட்டையைத் தடவியே சொன்னாள். பெயர்களெல்லாம் ஜெர்மன் மொழியில்தான். அவற்றுக்கு வீட்டில் வேறு பெயர் இல்லை.

வீட்டில் வேறு பெயர் இல்லாத விஷயங்கள் மெல்ல மெல்லப் பெருகின. நான் தமிழில் கேட்பேன். அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். பிறகு பதிலே சுருங்கியது. முரளி அழைக்கும்போது திரைக்கு முன் வந்து கையசைத்துவிட்டு அறைக்குப் போய்விடுவாள். "பாப்பா இன்னா, மந்திரி மாதிரி கை காட்டிட்டுப் போவுது" என்று அவன் கேலி செய்வான். கேலிக்கு அடியில் என்ன இருந்ததென்று எனக்குத் தெரியும். கடைசியாக நாங்கள் பாகாலாவுக்குப் போனபோது அவளுக்குப் பத்து வயது. அடுத்த கோடைக்குப் போகலாமா என்று கேட்கும் போதெல்லாம், தோழிகளோடு முகாம் என்பாள். வற்புறுத்தவில்லை. வற்புறுத்தி அழைத்துப்போகும் இடம் எதுவும் சொந்த ஊராகாது.

விரலில் சிவப்பைக் கண்ட அன்று இரவு உணவின்போது, நடந்ததைக் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிரில் இருந்த பவித்ரா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, தமிழில் கேட்டாள்:

"அது என்ன மரம்னு உங்களுக்குத் தெரியாதா?"

ஞாயிற்றுக்கிழமைகளில் நைனா எங்களை அந்த மனைக்கு அழைத்துப்போவார். மரத்தடியில் எலுமிச்சம்பழச் சோறு சாப்பிட்டிருக்கிறோம். அதன் காய்ந்த காய்கள் வட்டமாக, நடுவில் விதையும் சுற்றிலும் மெல்லிய சிறகுமாக இருக்கும். நானும் முரளியும் அவற்றைக் காற்றில் சுழற்றிவிட்டுப் போட்டி போட்டிருக்கிறோம். ஆனால் அதற்கு ஒரு பெயர் இருக்குமென்று எங்கள் மூவருக்கும் தோன்றியதே இல்லை. நம்ம மரம் என்போம். அது போதுமாக இருந்தது.

"தெரியாது" என்றேன்.

"மாமாவைக் கூப்பிடுங்க."

4

மறுநாள் முரளி ஆலையிலிருந்து நேராக மனைக்குப் போய் அழைத்தான். அங்கே சாயங்காலம், இன்னும் வெளிச்சம் இருந்தது. இங்கே பவித்ரா அப்போதுதான் பள்ளி முடிந்து வந்திருந்தாள்.

"மாமா, முதல்ல தள்ளி நில்லுங்க. முழு மரமும் வேணும்" என்றாள் பவித்ரா.

அவன் பின்னால் நடந்தான். திரையில் மரம் முழுதாக வந்தது. நேரான தண்டு, மேலே உருண்டு திரண்ட, இலையில்லாத கிளைகள். என் ஜன்னலுக்கு வெளியேயும் அதே நேரத்தில் மரங்கள் இலையின்றி நின்றன. இரண்டு ஊர் மரங்களும் ஒன்றாக வெறுமையாக இருக்கும் சில வாரங்கள் ஆண்டில் உண்டென்பதை, பதினெட்டு ஆண்டுகளில் அன்றுதான் கவனித்தேன்.

"இப்ப கிட்ட போங்க. மரத்தோட தோல் காட்டுங்க."

"தோலா? ஆட்டுக்குத்தாம்மா தோலு. மரத்துக்குப் பட்டை."

"சரி, பட்டை. சிரிக்காதீங்க, கேமரா ஆடுது."

பட்டை கறுத்து, ஆழமாக வெடித்து, சிறுசிறு சதுரங்களாகப் பிளந்திருந்தது. முதலையின் முதுகு போல. பவித்ரா பக்கத்திலிருந்த மடிக்கணினியில் எதையோ ஒப்பிட்டுப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். சிவப்புச் சாறு வேங்கை மரத்திலும் வரும். சிறகு வைத்த வட்டக் காய் வேங்கைக்கும் உண்டு. இரண்டும் ஒரே குடும்பம். ஆனால் வேங்கையின் பட்டை சாம்பல் நிறத்தில் நீளவாக்கில் வெடிக்கும். சதுரமாக வெடிப்பது செம்மரம்.

"மொட்டு காட்டுங்க மாமா."

"மொட்டு எங்க கீது? எல்லாம் காஞ்ச குச்சி."

"குச்சியோட நுனியில பாருங்க. சின்னதா இருக்கும். நகத்தால லேசா கீறுங்க."

தாழ்ந்த கிளையொன்றை வளைத்து அவன் கீறினான். தோலுக்கு அடியில் ஈரப் பச்சை தெரிந்தது.

"செம்மரமா இருக்கலாம்" என்றாள் அவள். சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள். "ஆனா இந்த மரத்தோட மொட்டு எனக்குத் தெரியாது. எங்க புத்தகத்துல இல்ல. இலை வந்தா சொல்லிடலாம். ஒரு காம்புல மூணு இலைன்னா செம்மரம். அஞ்சு, ஏழுன்னா வேங்கை. வெயிட் பண்ணுங்க."

"எவ்ளோ நாளு?"

"ஏப்ரல்."

"ஏப்ரலா? யம்மா, மேஸ்திரி வாய வெச்சிகினு சும்மா இருக்கமாட்டான். இதுக்குள்ள பாகாலா பூரா தெரிஞ்சிருக்கும். ராத்திரில வேற எவனாவது வந்து அறுத்துகினு போய்ட்டா, கேஸு எம்மேலதான். உங்கூர்ல மரத்துக்கு மொட்டு பாத்துகினு ஒக்காரலாம். இங்க வண்டி சத்தம் கேட்டாலே வாசல எட்டிப் பாக்கறேன்."

நான் இடையில் புகுந்தேன். எங்கள் நகரத்திலும் பருத்த மரமொன்றைச் சொந்தத் தோட்டத்திலேயே வெட்ட, நகராட்சி அனுமதி வேண்டும். பக்கத்து வீட்டு அம்மாள் தன் செஸ்ட்நட் மரத்தை வெட்ட மனுக் கொடுத்தார். அதிகாரி வந்தார், மரத்தைச் சுற்றினார், தட்டிப் பார்த்தார், முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மாள் இன்றும் அவரைத் திட்டிக்கொண்டே சருகு கூட்டுகிறார். ஆனால் நிம்மதியாகத் தூங்குகிறார். அதுபோல, வனத்துறை அலுவலகத்துக்கு நீயே போய், என் மனையில் இப்படி ஒரு மரம் நிற்கிறது என்று சொல்லிவிடு என்றேன்.

"நானே போயா? நல்லா சொன்னே. சிங்கத்து வாய்க்குள்ள தலய வுட்டுட்டு, உள்ள எப்டி கீதுன்னு பாத்துச் சொல்லணுமா?"

மறுபடியும் அழைப்பு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்கள் இருந்தன.

5

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லும் அறிவுரைக்கு ஒரு குறை உண்டு. அதன் விளைவை நாம் அனுபவிக்கப்போவதில்லை. முரளி தவறாக முடிவெடுத்தாலும், நான் மறுநாள் காலை நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் அடுக்குவேன். வாசலில் வண்டி வந்து நின்றால் பயப்பட வேண்டியவன் அவன்தான். அது தெரிந்ததால், மீண்டும் அழைத்து வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. வற்புறுத்தாமல் இருக்கவும் முடியவில்லை. சனிக்கிழமை ஒருமுறை அழைத்தேன். அவன் எடுக்கவில்லை. அவன் மனைவி கீதா எடுத்து, "அவுரு மூணு நாளா சரியா துன்றதுகூட இல்ல அண்ணி" என்றாள். அவள் குரலும் தாழ்ந்தே இருந்தது.

ஞாயிறு முழுவதும் தொலைபேசி மௌனமாக இருந்தது. மாலையில் நானும் பவித்ராவும் ஆற்றோரம் நடந்தோம். அவள் வழக்கம்போல எந்தக் கிளையையும் பிடித்து வளைக்கவில்லை. நான்தான் ஒரு பீச் கிளையின் நுனியைத் தொட்டுப் பார்த்தேன். ஈட்டிமுனை இன்னும் இறுக்கமாகவே இருந்தது. இந்நேரம் அங்கே அறுத்து முடித்திருப்பார்கள் என்று நினைத்தேன். அவளும் அதையே நினைத்திருக்க வேண்டும்.

"சதுரமா இருந்துச்சு இல்ல அம்மா, பட்டை?" என்று மட்டும் கேட்டாள்.

"இருந்துச்சு" என்றேன். நான் மாற்றிச் சொல்லாமல் இருந்ததை எண்ணிப் பின்னர் வருந்தினேன். இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும்.

6

திங்கட்கிழமை, மதிய உணவு வேளையில், முரளியின் அழைப்பு வந்தது. நூலகத்தின் பின்வாசலுக்கு ஓடிப்போய் எடுத்தேன். திரையில் அவன் முகம் வரவில்லை. முதலையின் முதுகு வந்தது.

"நிக்கிது பாரு" என்றான். "ஆணி அடிச்ச எடம் காஞ்சி கீது. பிசின் மாதிரி ஆயிடுச்சு."

"மெஷின்காரன்?"

"வந்தான். காப்பி வாங்கிக் குடுத்து அனுப்சிட்டேன். வேற வேலையா வரச் சொன்னேன்னு சொல்லிட்டேன்."

நான் சொன்னதைக் கேட்டுத்தானே என்று கேட்கும் அற்ப ஆசை எனக்கு வந்தது. அவனே முந்திக்கொண்டான்.

"உன்னாலன்னு நெனச்சிக்காத. பாப்பா ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுச்சு, சனிக்கிழம ராத்திரி. நீ சொல்லிக் குடுத்தியா?"

எனக்குத் தெரியாது என்றேன். அவன் அதை ஒலிக்கவிட்டான். என் மகளின் குரல், பாகாலாவின் வெயிலில், ஒரு மரத்தடியில் கேட்டது. இடையிடையே மூச்சு நின்றது. சொல் கிடைக்காத இடங்கள் அவை.

"மாமா, நான் பவித்ரா. நீங்க பயப்படுறீங்கன்னு தெரியும். எனக்கும் பயமா இருந்தா நானும் வெட்டுவேன். ஆனா நான் போன்லதான் பாத்தேன். தொட்டுப் பாக்கலை. தொட்டுப் பாக்காம நான் எந்த மரத்துக்கும் பேர் சொன்னது இல்ல. நான் வந்து தொட்டுப் பாக்கற வரைக்கும் வெச்சிருங்க. ப்ளீஸ்."

"ஆறு வருசமா கை காட்டிட்டுப் போற புள்ள" என்றான் முரளி. கேமராவைத் திருப்பவில்லை. "வரேன்னு சொல்லுது. வெட்டிட்டா எத்த காட்டறது, நீயே சொல்லு?"

மறுநாள் காலையே அவன் சித்தூர் வன அலுவலகத்துக்குப் போனான். போவதற்கு முன் எனக்குச் செய்தி அனுப்பினான்: சிங்கத்து வாய்க்குள்ள போறேன்.

7

சிங்கம் அவனை நாற்காலியில் உட்காரச் சொன்னதாம். இலை வரட்டும், வந்து பார்க்கிறோம் என்று அவர்களும் சொன்னார்களாம். பவித்ராவுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் முரளி ஒரு படம் அனுப்பினான். அவன் உள்ளங்கையில் இளம்பச்சை இலைக்காம்பு ஒன்று. மூன்று சிற்றிலைகள், நுனி மழுங்கி. அதே வாரத்தில் எங்கள் தெருவின் பீச் மரங்கள் தம் ஈட்டிகளைத் திறந்தன. ஆஷ் மட்டும் கரித்துண்டுகளை இன்னும் விடவில்லை. அது எப்போதும் கடைசிதான்.

அதற்குச் சில நாள்களில் ஒரு பெண் வன அலுவலர் இருசக்கர வண்டியில் மனைக்கு வந்தார். மரத்தைச் சுற்றி வந்து பட்டையைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், சுற்றளவை அளந்து எழுதிக்கொண்டார். முரளி, தான் இதை நடவில்லை, கொண்டுவரவில்லை, இது தன் அப்பா காலத்திலிருந்தே நிற்கிறது என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செட்டு உண்டடம் தப்பு காதன்னா, அடக்குண்டா கொட்டடமே தப்பு" என்றாராம். மரம் இருப்பது தவறில்லை அண்ணா, கேட்காமல் வெட்டுவதுதான் தவறு. பிறகு, இவ்வளவு பெரிய மரத்தைக் காட்டுக்கு வெளியே பார்ப்பது அபூர்வம் என்று சொல்லி, தன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டாராம்.

"நானும் கூட நின்னேன் படத்துல" என்றான் முரளி. இப்போது அந்தப் பெயரைச் சற்று உரக்கவே சொல்கிறான்.

வீட்டின் வரைபடம் மாறியது. கிழக்கே இருந்த சமையலறை வடக்கே போயிற்று. கீதாவுக்கு அதில் சிறு மனக்குறை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் மரம் தெரியும்படி மேஸ்திரி வரைந்து கொடுத்ததும், குறை பாதியாகிவிட்டது. மேஸ்திரி இம்முறை வேப்பங்குச்சிகளை நட்டு நூல் பிடித்தார். மரத்தின் பக்கமே ஆணி கொண்டுபோகவில்லை.

பள்ளிக் கோடை விடுமுறை ஜூலை கடைசியில் தொடங்கும். கூழ் ஆலைகளின் வாசனை சித்தூர் சாலை முழுவதும் நிற்கும் காலம் அதற்குள் முடியும் தறுவாயில் இருக்குமென்றாலும், மாம்பழம் இன்னும் கிடைக்கும். டிக்கெட் பார்க்கட்டுமா என்று பவித்ராவிடம் கேட்டேன். மகிழ்ச்சியை மறைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

அவள் யோசித்தாள். "ஜூலைல வேண்டாம் அம்மா."

என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியவில்லை. அவசரமாகச் சொன்னாள்:

"ஜூலைல இலை இருக்கும். இலை இருந்தா யாரு வேணாலும் பேர் சொல்லிடலாம். அந்த மரத்தோட மொட்டு எந்தப் புத்தகத்துலயும் இல்ல. நான் பாத்து வரையணும். பிப்ரவரில ஒரு வாரம் லீவு வருதுல்ல? அப்ப போலாம். மாமா வீடும் முடிஞ்சிருக்கும்."

அன்று இரவே முரளியிடம் சொன்னேன். பிறகு அவன் குரல், வீட்டுக்குள் திரும்பி, யாரோடோ பேசுவது கேட்டது.

"கீதா, இத்த கேட்டியா? ஊர்ல எல்லாரும் மாம்பழத்துக்கு வருவாங்க. எங்கக்கா பொண்ணு ஜெர்மன்லேர்ந்து மொட்ட மரத்தப் பாக்க வருதாம்."

கீதா என்னவோ சொன்னாள். முரளி என்னிடம் திரும்பினான்.

"வரச் சொல்லுக்கா. ஒரு கிளைய தாழ்வாவே வெச்சிருக்கேன். மேஸ்திரி அது இடிக்குதுன்னான். பாப்பா கைக்கு எட்டணும், இருக்கட்டும்னுட்டேன்."